பன்னிரண்டு லாக்கு

மூணாவது சிலிண்டரில் வால்வு ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது.
எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.
பாப்பாக்குடி விலக்கில் ஏறும் சின்னவன் மட்டும்
வண்டிக்குள் ஒரு தட்டான் உட்கார்ந்து
கொலுசு அடிக்கிறான் என்கிறான்.

ஆலங்குளம் மெக்கானிக் ஹெட்டை இறக்கணும் என்றார்.
நாலு நாள் என்றார்.
நாலு நாளும் என் பதினொரு பிள்ளைகள்
எதில் ஏறிப் பள்ளிக்கூடம் போகும் என்பது
அவர் சோலி இல்லை.

சனிக்கிழமை திருநெல்வேலி ஜங்ஷன்.
ஸ்பேர்ஸ் கடை அண்ணாச்சி மேசையில் மூன்றைப் பரப்பினார்.

முதலாவது பெரிய கிளாம்ப், நண்டுக் கொடுக்குபோல.
வால்வின் அடியையும் தலையையும் சேர்த்துக் கவ்வும்.
கவ்வ, ஹெட்டு வெளியே வந்திருக்கணும்.
நல்ல சாமான். எனக்கு ஆகாது.

இரண்டாவது நெம்புகோல்.
ஒரு கையால் அமுக்கி, ஒரு கையால் நிறுத்தி,
லாக்கை எடுக்க மூன்றாவது கை வேண்டும்.
"வீட்ல ஆளு இருக்காகள்லா?"
"மஸ்கட்டுல இருக்காக."
அண்ணாச்சி கம்பியின் நீளத்தை
இன்னொருதரம் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது வெறும் குழாய், உள்ளே காந்தம்.
ஸ்பிரிங் தலையில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு,
லாக்கு ரெண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும்.
"திரும்பப் பூட்டுததுக்கு?" என்றேன்.
அவர் பேனாவில் மை வருகிறதா என்று கிறுக்கிப் பார்த்தார்.

நெம்புகோலை வாங்கினேன்.
அறுபது ரூபாய்க் காந்தக் குச்சியை எடுத்தேன்,
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.
அந்தக் கஞ்சத்தனத்தையும் எழுதிவிட வேண்டியதுதான்.

லாக்கை எடுத்ததும் வால்வு உள்ளே விழுந்துவிடும்;
விழாமலிருக்கக் காற்றடித்து நிறுத்தணும்.
காற்று பஞ்சர் கடையில் இருக்கிறது.
என்னிடம் இருந்தது வாளிக் கயிறு,
பிரி விடாத புது நைலான்.
பிளக் துவாரம் வழியாக,
வாயைத் திறக்காத பிள்ளைக்கு இட்லி ஊட்டுவதுபோல
இரண்டு முழம் உள்ளே ஊட்டினேன்.
ஒரு முழம் வெளியே தொங்கட்டும். அதில் ஒரு முடிச்சு.
ஸ்பானரை மாட்டி கிராங்கை மெல்லத் திருப்ப,
பிஸ்டன் ஏறி, கயிறு சுருண்டு நெரிந்து,
வால்வுக்கு அடியில் தோள் கொடுத்தது.

எண்ணெய் போகும் துளைகளில் எல்லாம்
பழைய சேலைத் துண்டு.

மதினி ஆவுடைக்கு ராத்திரிக்குள் முன்னூறு பீடி பாக்கி.
தட்டை மடியில் வைத்தபடியே
"எனக்கு இதெல்லாம் தெரியாதுட்டி" என்றாள்.
நான் கம்பியில் தொங்கி அமுக்க,
பீடி முனையை மடக்குகிற அந்த விரல்,
கிரீஸ் தொட்டு,
அரிசியளவு லாக்கை அதன் பள்ளத்தில் உட்காரவைத்தது.
ஒன்று. மூன்று. ஏழு.
சுற்றிக்கொண்டே சுற்றாததுபோல் இருந்தாள்.

பதினோராவது தெறித்தது.
வெளியே ஆனிக் காற்று தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது,
விழுந்த சத்தம் கேட்கவில்லை.
வண்டிக்கடி, வாசல், வாறுகால் எல்லாம் பார்த்து
கடைசியில் இருவரும் பார்த்தது தட்டை.
அரைக் கிலோ புகையிலைத் தூள்.

பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து
காந்தத்தை எடுத்துத் தூளுக்குள் விட்டேன்.
ஸ்டேப்ளர் பின் வந்தது. முறிந்த ஊசி வந்தது.
கம்பெனிக்காரன் எடையில் சேர்த்த
இரும்புத் துரு வந்தது; அவனை ஆவுடை ஏசினாள்.
பிறகு வந்தது லாக்கு.

"இன்னும் கொஞ்சம் துழாவு" என்றாள்.
தை மாசம் இந்தத் தட்டில்தான்
மூக்குத்தித் திருகு விழுந்ததாம்.
காந்தத்துக்குத் தங்கம் தெரியாது என்றேன்.
தெரியும் அவளுக்கும். இருந்தாலும் துழாவினேன்.

ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு
கயிற்றை உருவி முழம் போட்டேன்: மூன்று, முடிச்சோடு.
லாக்கு பன்னிரண்டும் அதனதன் இடத்தில்.
சாவியைத் திருப்பினேன்.

திங்கள்கிழமை பாப்பாக்குடி விலக்கில்
சின்னவன் ஏறி, காதைக் கொடுத்து,
"தட்டான் எங்க இறங்கினாரு?" என்றான்.
பின்சீட்டில் பீடிக் கட்டோடு ஆவுடை.
மூக்குத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க
செருகிய ஈர்க்குச்சி
வெயில் பட்டு லேசாக மின்னியது.